பெயர் தேடிய கடமான்

மூங்கில் காட்டில் ஓர் ஊற்று இருந்தது. அதைச் சுற்றி வாழ்ந்த விலங்குகள் இரண்டு அணியாகப் பிரிந்திருந்தன. பழைய வழக்கங்களை விட்டுவிட வேண்டும் என்றவை மாற்றுவோர் அணி. அவற்றைக் காக்க வேண்டும் என்றவை காப்போர் அணி.

தவிட்டன் என்ற கடமான் பிறந்ததிலிருந்தே காப்போர் அணி. ஊற்றுக்கரையில் வேட்டை கூடாது. கோடைக்கு முன் எல்லோரும் சேர்ந்து ஊற்றைத் தூர்வார வேண்டும். அந்த அணியின் வழக்கம் இதுதான்.

ஒருநாள் காப்போரின் தலைவரான காட்டுப்பன்றி கூட்டத்தில் முழங்கியது.

"மலைக்கு அந்தப் பக்கம் ஒரு குளம் இருக்கிறது. அங்கே யாருக்கும் ஒழுங்கே தெரியாது! நாம் போய் அதைப் பிடிப்போம். நம் வழக்கத்தை அவர்களுக்கும் கற்றுக்கொடுப்போம்!"

எல்லா விலங்குகளும் ஆரவாரம் செய்தன. தவிட்டன் மட்டும் எழுந்து நின்றது.

"தலைவரே, தூர்வாரும் காலம் வந்துவிட்டது. நம் ஊற்றைக் காப்பதுதானே நம் வேலை? அடுத்தவர் குளம் நமக்கு எதற்கு?"

"ஓகோ! நீ மாற்றுவோர் ஆளா?"

"இல்லை! அவர்கள் ஊற்றுக்கரை வழக்கத்தையே விடச் சொல்கிறார்கள். அதற்கும் நான் ஒப்பமாட்டேன்."

"அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை! அப்படியானால் உனக்கு என்னதான் பெயர்? பெயர் இல்லாதவனுக்கு இங்கே இடமில்லை. போ!"

தவிட்டன் அங்கிருந்து நகர்ந்தது. தன் தம்பி செம்பனிடம் ஓடியது.

"நீயாவது இருடா, செம்பா!"

"குளத்தைப் பிடித்துவிட்டு வருகிறேன், அண்ணே!" என்று சொல்லிச் செம்பன் கூட்டத்தோடு கணவாயில் இறங்கி மறைந்தது.

அதன்பிறகு தவிட்டன் தனியாகவே சேற்றைக் குளம்பால் கிளறிக் கொம்பால் தள்ளியது. வேலை மெதுவாகத்தான் நடந்தது. முன்பெல்லாம் ஐம்பது பேர் பாடிக்கொண்டே செய்த வேலை! அந்தப் பாட்டைத் தனக்குள் முனகிப் பார்க்கும்; பாதியில் குரல் உடைந்துவிடும்.

"உன்னைப் பழசு என்று கூப்பிடலாமா?" என்று கேட்டது ஒரு மைனா.

"வேண்டாம். நான் காக்கும் வழக்கம் பழசு என்பதால் மட்டும் அதைக் காக்கவில்லை."

"பயந்தாங்கொள்ளி?"

"எனக்கு மலையைக் கண்டு பயமில்லை. அங்கே எனக்கு வேலையில்லை, அவ்வளவுதான்."

"அப்படியானால் உனக்குப் பெயரே கிடையாது!" என்று மைனா பறந்துபோனது. நம்மவன் என்று யாராவது தன்னை அழைக்கமாட்டார்களா என்று தவிட்டன் ஏங்கியது.

கோடை முற்றியது. ஒரு மாலை, படைக்குப் போன விலங்குகளில் எஞ்சியவை மெலிந்து, காயங்களோடு திரும்பின. மலைக் குளத்து விலங்குகள் தங்கள் குளத்தை விடவில்லை. அடித்து விரட்டியிருந்தன.

ஊற்றில் தெளிந்த நீர் ததும்பியது. எல்லாம் குடித்தன. காட்டுப்பன்றி தலை கவிழ்ந்தது.

"தவிட்டா, காப்போர் என்ற பெயரை நாங்கள் கெடுத்துவிட்டோம். நீ எதை நம்புகிறாய்? சொல்!"

"இந்த ஊற்று முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போனது. பின்னால் வருபவர்களுக்குச் சேரவேண்டியது. நடுவில் நாம் சேறு அள்ளுகிறோம். அடுத்தவர் நீரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்."

"இவன் ஊற்றுக்காப்போன்!" என்று கத்தியது ஒரு முயல். "ஊற்றுக்காப்போன்! ஊற்றுக்காப்போன்!" என்று காடே எதிரொலித்தது.

திரும்பி வந்த முகங்களை ஒவ்வொன்றாகத் தவிட்டன் பார்த்தது. செம்பன் அவற்றில் இல்லை.

இத்தனை நாள் ஏங்கிய பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி எந்தக் குரல் அழைக்கவேண்டும் என்று அது ஏங்கியதோ, அந்தக் குரல் மட்டும் அங்கே இல்லை. கணவாயைப் பார்த்தபடி அது வெகுநேரம் நின்றது.

எதைக் காக்கிறோம் என்பதை மறந்துவிட்டுப் பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், அந்தப் பெயரையும் இழப்பார்கள், தங்களை நேசித்தவர்களின் மனத்தையும் உடைப்பார்கள்.