யாரும் ஆராயவில்லை என்பது பற்றி ஓர் ஆய்வு

அநியாயம் நடந்தது சகாய ரெக்ஸ்லினுக்கு. என்ன அநியாயம் என்றால், அவளுடைய ஆய்வுக்குழுவில் இருந்த மூன்று பேராசிரியர்களும் அவளுக்கு மனமுவந்து உதவி செய்தார்கள்.

ரெக்ஸ்லின் பொதுச் சுகாதாரத் துறையில் ஆராய்ச்சி மாணவி. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று ஏன் வருகிறது என்பது அவள் தலைப்பு. காரணம் அவளுக்குத் தெரியும். அவள் அம்மாவுக்கே உப்பளத்தில்தான் வேலை. ஒதுங்க ஒரு மறைவிடம் இல்லாததால், வெயிலில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் உப்பு வாருகிறவர்களுக்கு வேறென்ன வரும்? ஆனால் அம்மா சொன்னால் அது புலம்பல். ஆய்வேட்டில் வந்தால்தான் உண்மை.

மழை தொடங்கிவிட்டால் உப்பளத்தில் விசாரிக்க ஆளே இருக்காது. அதற்குள் அனுமதி வேண்டும். அனுமதிக்கு முன்னால் லிட்ரேச்சர் ரிவ்யூ வேண்டும். அதாவது இதுவரை யார் யார் என்ன கண்டுபிடித்தார்கள், எங்கே இடைவெளி இருக்கிறது என்று சொல்லும் அத்தியாயம். எழுதிக் கொடுத்தாள். குழு கூடியது.

'ஆய்வு இடைவெளி தெளிவாகத் தெரிய வேண்டும்' என்கிறது பல்கலைக்கழகக் கையேடு. திரவியம் சார் ஸ்கேலை எடுத்து வரிக்கு வரி வைத்து அளந்தார். இடைவெளி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் போதாது என்றார். இரட்டை இடைவெளி விட்டு மறுபடி அச்சடித்து வந்தாள். குழுத் தலைவர் குற்றாலலிங்கம் சார் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, விஷயம் கனமாகியிருப்பதாகப் பாராட்டினார்.

அடுத்த விதி, 'சொந்த வார்த்தையில் எழுத வேண்டும்'. ஞானசிகாமணி சார் 'சிறுநீர்' வந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையில் சுழித்து வைத்திருந்தார்.

"இதை உனக்கு முன்னாடியே பல பேர் எழுதியிருக்காங்களேம்மா."

"அதுக்கு வேற வார்த்தை இல்லையே சார்."

"அதனாலதான் சொந்தமா ஒண்ணு வேணும்ங்கிறோம்."

மூன்று பேரும் அவளுக்காக ஒரு மதியம் முழுக்க யோசித்தார்கள். கடைசியில் திரவியம் சார் 'உள்மழை' என்றார். உள்மழைத் தொற்று. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பிறகு அவரே, இது என் சொந்த வார்த்தையல்லவா, இவள் எழுதினால் திருட்டாகிவிடுமே என்று நியாயத்தை எடுத்துச் சொன்னார். பழையபடி சிறுநீரே ஆனது.

இத்தோடு விட்டிருந்தால் நான் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில், 'நம் உப்பளப் பெண்களைப் பற்றி இதுவரை எந்த ஆய்வும் இல்லை. இதுவே இடைவெளி' என்று ரெக்ஸ்லின் எழுதியிருந்தாள். அங்கேதான் பிடித்துக்கொண்டார்கள்.

"இல்லாத கட்டுரையை எப்படி வே ரிவ்யூ பண்றது?" என்று ஞானசிகாமணி சாரைக் கேட்டார் தலைவர்.

"ஒரு கட்டுரையாவது இருந்தாத்தான் ரிவ்யூ. ரிவ்யூ இருந்தாத்தான் ஆய்வு," என்றார் ஞானசிகாமணி சார்.

"ஆய்வு நடந்தாத்தானே சார் கட்டுரையே வரும்?" என்றாள் ரெக்ஸ்லின்.

மூவரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். பிள்ளை குழம்பிப் போய்விட்டாள் என்று திரவியம் சார் டீ சொன்னார். ஜன்னலுக்கு வெளியே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

பெரிய மனிதர்கள் சும்மா இருப்பார்களா? இல்லாத கட்டுரையைத் தாங்களே எழுதித் தருவதென்று முடிவெடுத்தார்கள். உப்பளத்துக்கெல்லாம் போகவில்லை, அங்கே வெயில். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, யாரும் ஆராயவில்லை என்பதைத் தீர விசாரித்து, 'உப்பளப் பெண்களின் சிறுநீர்த் தொற்று பற்றி ஆய்வின்மை: ஓர் ஆய்வு' என்று எழுதினார்கள். துறைப் பத்திரிகையின் ஆசிரியரும் குற்றாலலிங்கம் சார்தான் என்பதால் தர மதிப்பீடு விறுவிறுவென்று முடிந்தது.

ரெக்ஸ்லின் அந்தக் கட்டுரையையும் சேர்த்து அத்தியாயத்தைத் திரும்பக் கொடுத்தாள். குழு கூடியது. தலைவர் கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை புரட்டினார்.

"எல்லாம் சரி. இடைவெளி எங்கேம்மா?"

"சார், யாரும் ஆராயலைன்னுதானே நீங்களே எழுதியிருக்கீங்க? எங்கம்மா இன்னைக்கும் தண்ணி குடிக்காமத்தான் வேலைக்குப் போயிருக்காங்க."

வெளியே முதல் தூறல் விழுந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பொறுமையாகப் பதில் சொன்னார்.

"யாரும் ஆராயலைன்னு இனிமே யாரும் சொல்ல முடியாதும்மா. யாரும் ஆராயலைங்கிறதை நாங்க ஆராய்ஞ்சுட்டோம். இடைவெளி அடைஞ்சு போச்சு, நீ வேற தலைப்பு பாரு. அம்மாவை மட்டும் நிறைய தண்ணி குடிக்கச் சொல்லு. எங்க கட்டுரையில பரிந்துரையே அதுதான்."