தளபதி எழுதிய வெற்றிக் கல்

செம்பொற்கோட்டை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. தேடிப் போகாதீர்கள்; போனவர் யாருக்கும் அது அகப்பட்டதில்லை. அதை ஆண்டவர் வீரகண்டராயர். பெயரிலேயே வீரம் போதுமான அளவு இருந்ததால், வேறெங்கும் அவர் அதைச் சேர்த்து வைக்கவில்லை.

அவருக்கு ஒரு கல்லூரி இருந்தது. யானை வைத்தியம், கோட்டை கட்டுதல், குதிரை பழக்குதல் எல்லாம் அங்கே முதன்மைப் பாடம். எழுத்துக்கலை மட்டும் துணைப்பாடம். வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்த கையோடு, குதிரை லாயத்தை ஒட்டிய அறையில் வகுப்பு. பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் சாய இடம் கிடைக்காமல் விழித்திருப்பார்கள். அரசவைப் புலவர் குழைக்காதர் பன்னிரண்டு வருஷமாக அதை நடத்திவந்தார். நாற்பது பேரில் இரண்டு பேருக்காவது எழுத வந்துவிடாதா என்ற ஒரே நப்பாசைதான். அந்த அறையை விட்டால் அவருக்கு வேறு பிடிப்பும் இல்லை.

அந்த அறைமேல்தான் தளபதி மழவராயரின் கண் விழுந்தது.

"மன்னா, கொள்ளு மூட்டை அடுக்க இடமில்லை. வாத்தியார் அறையைக் கொடுங்கள்" என்றார் சபையில்.

"அப்போது வகுப்பு?"

"யானைக்கு மருந்து கொடுக்கிறவனுக்கு எழுத்து எதற்கு? யானையா உட்கார்ந்து படிக்கப் போகிறது? கொள்ளையாவது குதிரை தின்னும். இவர் பிள்ளைகள் எழுதுகிற ஓலையை அதுகூட மோந்து பார்க்காது!"

மன்னர் சிரித்தார். எனவே சபையும் சிரித்தது, மன்னரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

"குழைக்காதரே, அறையைக் காலி பண்ணும்."

சிரித்துவிட்ட சபையில் நியாயம் எடுபடாது என்பது குழைக்காதருக்குத் தெரியும். கைகூப்பினார்.

"உத்தரவு அரசே. ஒரு சின்னச் சிக்கல். கரடிப்பாறை வெற்றியைக் கல்லில் வெட்டப் போகிறோம். வாசகம் எழுதும் வேலையை எங்கள் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தீர்கள். வகுப்பே இல்லையென்றால் யார் எழுதுவது?"

"நான் எழுதுகிறேன் ஓய்!" என்று மீசையைத் தடவினார் மழவராயர். "நேரில் நின்று பார்த்தவன். நடந்ததை எழுத ஒரு படிப்பா?"

"கேட்கத் தயங்கினேன், தளபதியே சொல்லிவிட்டார். அதைச் சபையில் படிக்கிறவரை மட்டும் அறை இருக்கட்டும் அரசே."

"இருக்கட்டும்" என்றார் மன்னர்.

மூன்றாம் நாள் சபை நிறைந்திருந்தது. அண்டை நாட்டுத் தூதர்கள் முன்வரிசையில். தளபதி ஓலையை எடுத்துப் போர்க்களக் குரலில் படித்தார்.

"ஆனி ஏழாம் நாள் புறப்பட்டோம். மழை. வழியில் மன்னருக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு நாள் தங்கினோம். பத்தாம் நாள் கரடிப்பாறை சேர்ந்தோம். பகைவர் பாறைக்கடியில் அடுப்பு மூட்டினர். புகையில் தேன்கூடு கலைந்தது. பகைவர் ஓடினர். மன்னர் பல்லக்கை விட்டு இறங்கவில்லை. தேனீ நம் பக்கம் வரவில்லை. வென்றோம்."

ஒரு தூதருக்குத் திடீரென்று இருமல் வந்தது. பக்கத்திலிருந்தவருக்கும் தொற்றிக்கொண்டது.

"ஓய்! வயிற்றுப்போக்கை எதற்கய்யா எழுதினீர்?" என்று சீறினார் மன்னர்.

"இரண்டு நாள் தங்கியதற்குக் காரணம் சொல்ல வேண்டாமா மன்னா? இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை."

"அதுதானய்யா என் வயிற்றெரிச்சல்!"

குழைக்காதர் மெல்ல எழுந்தார். "யானை வைத்தியம் படிக்கிற பையன் ஒருவன் கிறுக்கியது, அரசே. மத்தியானத் தூக்கத்துக்கு நடுவில் எழுதியது. பெரிதாக ஒன்றுமில்லை." படித்தார்.

"வானம் நீர் தெளித்து வழியனுப்ப, வீரகண்டராயர் புறப்பட்டார். இரண்டு நாள் எவரையும் அருகில் விடாமல் தனித்திருந்தார். அந்த இரண்டு நாளில் அவர் பட்ட பாட்டை அவரே அறிவார். கரடிப்பாறையில் அவர் வாளைத் தொடவில்லை, தரையில் கால் வைக்கவில்லை. காட்டுத் தேனீயும் அவருக்காகப் படை திரண்டு பகைவரை விரட்டியது!"

சபை அதிர்ந்தது. மன்னர் சிம்மாசனத்திலேயே அரை அங்குலம் வளர்ந்தார்.

"அதே போர்தானா இது?"

"அதே போர், அதே மழை, அதே வயிறு, அரசே."

"அறை உமக்கே! கொள்ளு மூட்டையைத் தளபதி தம் வீட்டில் அடுக்கட்டும். இன்று முதல் எழுத்துக்கலைதான் முதன்மைப் பாடம். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை அதையே படிக்கட்டும்!"

குழைக்காதர் பதறிப்போனார். "ஐயோ, வேண்டாம் அரசே! துணைப்பாடமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்."

"ஏன் ஓய்?"

"எழுத்துக்கலை படிக்காதவர் நடந்ததை எழுதுவார், இரண்டாம் தடவை அதை யாரும் படிக்க மாட்டார்கள். அரைகுறையாய்ப் படித்தவன் உங்களைப் புகழ்ந்து எழுதுவான். முழுசாய்ப் படித்தவன் இருக்கிறானே, அவனும் தளபதி மாதிரி நடந்ததைத்தான் எழுதுவான். ஆனால் அதை ஊரே நூறு வருஷத்துக்குப் படித்துப் படித்துச் சிரிக்கும்."

மன்னர் ஒரு கணம் தேனீக்களை நினைத்துப் பார்த்தார். பல்லக்கையும் நினைத்துப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துக் குழைக்காதருக்குப் போர்த்தினார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானமே இருக்கட்டும்" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மடைப்பள்ளிக்குச் சொல்லியனுப்பும். அன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தயிர்சாதத்தைத் தாராளமாகப் போடட்டும். ஒருத்தன்கூட முழுசாய்ப் படித்துவிடக் கூடாது!"