பாக்கெட்டில் பதினெட்டு

"வீட்டை விட்டுட்டேன். கறி மீன் விட்டுட்டேன். நாற்பது வருஷமா பிடிச்ச சிகரெட்டை ஒரே நாள்ல விட்டேன். இதை மட்டும் விட முடியலைம்மா."

கதிர்வேலு ஒரு நீல நிற பிஸ்கட் பாக்கெட்டை குருவின் முன்னால் வைத்தார். அது காலியாக இருந்தது.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. தீயணைப்பு நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ராஜாமணி இறந்த இரண்டாம் மாதம் சிறுமலை அடிவாரத்தில் இருந்த இந்தச் சின்ன ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். வந்து பதினோரு மாதம் ஆகிறது. குரு சாந்தநாயகி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். மற்றவர்களைப் போல அவரும் குருவை அம்மா என்றுதான் அழைத்தார். குரு அவரை ஐயா என்பார்.

"எப்ப வாங்கினீங்க?"

"இன்னைக்குக் காலையில. பஸ் ஸ்டாப் கடையில."

"எத்தனை இருக்கும்?"

"பதினெட்டு. ரெண்டே ரெண்டுன்னு நினைச்சுதான் பிரிப்பேன். மேல சர்க்கரை தூவியிருப்பான். கடிச்சா உள்ளே லேசா உப்பு. அந்த உப்பு போறதுக்குள்ள கை அடுத்ததை எடுத்துடுது."

நிறுத்துவதற்கு அவர் பல வழிகள் பார்த்திருந்தார். சின்ன பாக்கெட் வாங்கிப் பார்த்தார். மூன்று சின்ன பாக்கெட் வாங்கும்படி ஆனது. சமையல்கட்டில் இருந்த அன்னபாக்கியத்திடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் அவரே போய்ச் சாவி கேட்டார். அன்னபாக்கியம் தரவில்லை. கடைக்கு நடந்துபோய் வேறு வாங்கினார்.

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. வலது கால் சுண்டுவிரலில் இரண்டு மாதமாக ஆறாத புண். இன்னும் ஒரு மாதத்தில் காயவில்லை என்றால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று திண்டுக்கல் டாக்டர் சொல்லியிருந்தார்.

"பயமா இல்லையா?" என்று குரு கேட்டார்.

"இருக்கு. பயந்துக்கிட்டேதான் தின்னேன்."

குரு சிரிக்கவில்லை. குனிந்து அவருடைய காலைப் பார்த்தார்.

"நாளைக்கு ஒரு பாக்கெட் வாங்குங்க."

"வாங்கவா?"

"பதினேழை யாருக்காவது குடுத்துடுங்க. ஒண்ணே ஒண்ணை மட்டும் உங்க அறையில வச்சுக்கோங்க. திங்க வேண்டாம். தூக்கிப் போடவும் வேண்டாம்."

"எத்தனை நாளைக்கும்மா?"

"வச்சுக்கோங்க."

மறுநாள் பக்கத்து எலுமிச்சைத் தோட்டத்தில் காய் பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்குப் பதினேழு பிஸ்கட்டையும் கொடுத்தார். மிச்சமிருந்த ஒன்றை எவர்சில்வர் டப்பாவில் போட்டு அறையின் அலமாரியில் வைத்தார். ஒன்றுதானே, இது என்ன பெரிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியது.

அன்று தியானத்தில் கண்ணை மூடியதும் டப்பா வந்தது. சாப்பிடும்போதும் வந்தது. எறும்பு ஏறியிருக்குமோ என்று போய்த் திறந்து பார்த்தார். இரண்டாம் நாள் நாலைந்து முறை திறந்தார். ஒரு தடவை அதை அலமாரியின் மேல் தட்டுக்கு மாற்றினார். பிறகு துண்டு போட்டு மூடினார்.

மூன்றாம் நாள் பகலில் காலை இழுத்து இழுத்து நடந்து குருவிடம் வந்தார்.

"தின்னுட்டீங்களா?"

"தின்னுட்டேன்."

"நல்லா இருந்துச்சா?"

அவர் யோசித்தார். "நமுத்துப் போயிருந்தது."

"பிறகு ஏன்?"

"அது அங்க இருக்கறதைத் தாங்க முடியலை. பதினெட்டையும் தின்ன அன்னைக்குக்கூட இவ்வளவு அவஸ்தை இல்லைம்மா. தீர்ந்துட்டா ஒரு நிம்மதி. உறையைக் கசக்கிப் போட்டுட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்."

"அப்ப ருசிக்காகத் திங்கலை."

"முதல் ரெண்டு ருசிக்குத்தான். அதுக்கு மேல..." கதிர்வேலு நிறுத்தினார். "தீர்க்கறதுக்குத்தான்."

சொன்னதை அவரே இப்போதுதான் கேட்பவர்போல இருந்தார்.

குரு கேட்டார்: "உங்க வீட்டம்மாவோட சாமானையெல்லாம் என்ன பண்ணீங்க?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

"குடுத்துட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பின மறுநாளே. புடவை, கண்ணாடி, கட்டில் எல்லாம். சாயங்காலத்துக்குள்ள வீடு காலி."

"யாரும் எதுவும் கேக்கலையா?"

வெளியே அன்னபாக்கியம் அரிசி புடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கதிர்வேலு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மக கேட்டா. தமயந்தி. கரூர்ல இருக்கா. அடுத்த வாரம் வந்தா. அம்மா ஆஸ்பத்திரியில போட்டிருந்த ஸ்வெட்டர் வேணும்னா. அதுவும் போயிடுச்சுன்னேன். அவ நம்பலை. பீரோவைத் திறந்து பார்த்தா. வெறும் தட்டு. கதவைப் பிடிச்சபடி நின்னா. மூஞ்சியைப் புதைச்சு அழ ஒரு துணிகூட வைக்கலையேப்பான்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தீயை அணைச்ச இடத்துல ஒரு கங்குகூட விட்டுட்டு வரக்கூடாதுன்னு முப்பத்தஞ்சு வருஷம் பழகினவன்மா நான். அதையே சொன்னேன்."

"அதுக்கு?"

"வீட்டுல தீயாப்பா பிடிச்சுதுன்னு கேட்டா. பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அப்புறம் பேசலை. சரி, இதுவும் முடிஞ்சுதுன்னு நான் இங்க வந்துட்டேன்."

அவருடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. எதையாவது எடுத்து மடிக்கவோ, ஒதுக்கி வைக்கவோ தேடுவதுபோல விரல்கள் அசைந்தன. அங்கே எதுவும் இல்லை.

"அவளைப் பார்க்கப் போகணும்மா."

"போங்க."

"போய் மன்னிப்புக் கேட்டு, எல்லாத்தையும் பேசி..."

"போங்க ஐயா. நாலு மணிக்கு பஸ் இருக்கு."

கதிர்வேலு மறுநாள் மாலை திரும்பி வந்தார். காலில் புதுக் கட்டு போட்டிருந்தது. முகம் வீங்கியிருந்தது. நேராகக் குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"கதவைத் திறந்தா. வாங்கன்னு சொல்லலை. வழி மட்டும் விட்டா. ராத்திரி சாப்பாடு போட்டா. ஒரு வார்த்தை பேசலை. காலையில என் காலைப் பார்த்துட்டு, கிளம்புங்கன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா."

"அங்க பேசினீங்களா?"

"வரிசையில உட்கார்ந்திருந்தப்ப ஸ்வெட்டரைப் பத்தி ஆரம்பிச்சேன். தப்புப் பண்ணிட்டேன் தாயின்னேன். அவ அழுதா. ராஜாமணி போனப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வரலைம்மா. அங்க, அத்தனை பேருக்கு நடுவுல, வந்தது. அதுக்குள்ள டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுட்டாங்க."

"காலுக்கு என்ன சொன்னாங்க?"

"விரலைக் காப்பாத்தப் பார்க்கலாம்னாங்க. வாரா வாரம் கட்டு மாத்தணும். வெள்ளிக்கிழமை வந்துடுங்கன்னு மக சொன்னா."

"நல்லது."

கதிர்வேலுவின் முகம் தெளியவில்லை.

"ஆனா மன்னிச்சுட்டேன்னு அவ சொல்லலைம்மா. நான் சொல்ல வந்ததுல பாதியைக்கூடச் சொல்லலை. பஸ் ஏத்திவிட வந்தவ, ஏதோ சொல்ல வாயெடுத்தா. பஸ் கிளம்பிடுச்சு. எதையும் முடிக்காமலே வந்துட்டேன்."

"முடிக்கவா ஐயா போனீங்க?" என்றார் குரு.

"வெள்ளிக்கிழமை காலையில பஸ் எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டார் கதிர்வேலு.