கடைசிக் காட்சிவரை

யூதத் தெரு ஜெபாலயத்தில் விளக்கேற்றும் நெகேமியாவை, செல்வந்தர் எஸ்ரா சபை முன், மதகுருவான ரப்பியிடம் இழுத்து வந்தார்.

"ரப்பி, இந்த எண்ணெய்க் கையன் கொட்டகையில ஆபாச நாடகம் பாத்தான். பாவம் அது! வேலையை விட்டுத் துரத்துங்க."

"இரண்டு சாட்சி வேணுமே," என்றார் ரப்பி.

"நானும் இதோ என் மைத்துனரும் கண்ணால பாத்தோம். கடைசிக் காட்சிவரை கைதட்டினான்!"

நெகேமியா ரப்பியின் பக்கம் திரும்பினான். "ரப்பி, பாவம் செஞ்சவர் சாட்சி சொல்லலாமா?"

"நம்ம சட்டப்படி கூடாது."

"கடைசிக் காட்சிவரை ஐயாமாரும் அங்கதானே இருந்திருக்காங்க? அது பாவம்னா இவங்க சாட்சி செல்லாது. பாவமில்லைன்னா எனக்கு எதுக்குத் தண்டனை?"

மைத்துனர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

ரப்பி எஸ்ராவை உற்றுப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க. அந்த நாடகம் பாக்கிறது பாவமா?"

எஸ்ரா வாசல் பக்கம் பார்த்தார்.

"அவ்வளவு ஒண்ணும் மோசமில்லை, ரப்பி."