மோராக் எடுத்த மணி

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதர்களோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்த காலத்தில், ஸ்காட்லாந்தில் மோராக் என்று ஒரு ஜாக்டா இருந்தாள். ஜாக்டாவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: காக்கை ஜாதிதான், ஆனால் புறா அளவுதான் இருக்கும். அப்போதெல்லாம் தலை முதல் வால் வரை கன்னங்கரேல். மோராக்குக்கு வாய் ஓயாது. பளபளவென்று எதைக் கண்டாலும் கையும், அதாவது அலகும், சும்மா இருக்காது.

அவள் குடியிருந்தது ஒரு துறவி மடத்தின் கோபுரப் பொந்தில். அந்த மடத்தைக் கட்டியவர் மன்னர் டார்க்வில். வேட்டைக்குப் போன இடத்தில் சேற்றில் கழுத்துவரை புதைந்து, "கடவுளே, காப்பாத்து! இதே இடத்துல உனக்கு ஒரு மடம் கட்டுறேன்" என்று அலறியவர். பிழைத்த பிறகும் மறக்காமல் கட்டினார் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். சாம்பல் நிறக் கம்பளி அங்கி போட்ட பன்னிரண்டு துறவிகள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஆஸ்பெர்ட் சாமி.

மடத்தில் ஒரு கட்டுப்பாடு. சாப்பிட உட்கார்ந்தால் ஒருவரும் பேசக்கூடாது. உப்பு வேண்டுமென்றாலும் கைஜாடைதான். சாப்பாடு முடிந்து சாமி கைமணியை ஆட்டினால்தான் வாய் திறக்கலாம். கோபுரத்துக்குப் பெரிய மணி இன்னும் வரவில்லை. மடத்துக்கே அந்த ஒரு சின்ன வெள்ளி மணிதான்.

வசந்த காலத்தில் ஒரு மத்தியானம். துறவிகள் கஞ்சிக் கிண்ணத்தில் தலையைக் கவிழ்த்திருந்தபோது மோராக் ஜன்னல் வழியாக வந்தாள், மணியைக் கவ்வினாள், போயே போய்விட்டாள். பொந்தில் அவளுக்கு நான்கு குஞ்சுகள். "இந்தாங்க செல்லங்களா, விளையாடுங்க" என்று நடுவில் வைத்தாள்.

மணி அடிக்கவில்லை என்றால் சாப்பாடு முடியவில்லை. சாப்பாடு முடியவில்லை என்றால் பேச்சு கிடையாது. மணி எங்கே என்று ஒருவரை ஒருவர் கேட்கக்கூட வழியில்லை! மூன்று நாள் ஊமைகளாகத் தேடினார்கள். பெஞ்சுக்கு அடியில் தேடினார்கள், மாவுப் பானைக்குள் தேடினார்கள், ஒருவர் கஞ்சிக்குள்ளேயே கையை விட்டுத் துழாவினார். ஜெபத்தைக்கூட உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்கள். மேலே மோராக் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்றாம் நாள் மன்னர் தன் ஆட்களோடு வந்துவிட்டார். கையில் அரக்கு முத்திரை வைத்த பட்டயம். ஏழு கிராமத்து நிலமும் ஆற்று மீனும் மடத்துக்கு என்று எழுதியிருந்தது. பதிலுக்கு அவர் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"சாமி, நான் செத்தா பலிபீடத்துக்குப் பக்கத்துல எனக்கு ஆறடி இடம் தருவீங்களா?"

ஆஸ்பெர்ட் சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வாயைத் திறக்க முடியாதே! மணி தொலைந்துவிட்டது என்று காட்ட, கைவிரல்களை மடக்கி மன்னரின் மூக்குக்கு நேராக மணியாட்டுகிற மாதிரி ஆட்டினார். பன்னிரண்டு துறவிகளும் சேர்ந்து ஆட்டினார்கள்.

"நான் கட்டின மடத்துல நின்னுக்கிட்டு எனக்கே குத்து காட்டுறீங்களா?" மன்னருக்குக் கோபத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. "இவ்வளவு செஞ்சும் 'வா'ன்னு ஒரு வார்த்தை இல்லையே! இடிங்கடா! கோபுரத்துல இருந்து ஆரம்பிங்க!"

மோராக்கின் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது. கீழே மன்னரின் ஆட்கள் ஏணி சாத்தினார்கள். குஞ்சுகளுக்கு இன்னும் இறக்கை முளைக்கவில்லை. கடப்பாரை முதல் கல்லில் 'ணங்' என்று இறங்கியது. மணியை ஓசைப்படாமல் எங்காவது போட்டுவிட்டு வந்துவிடலாமா என்று பார்த்தாள். ஆனால் மன்னருக்கு யார் விளக்குவது? நடந்ததைச் சொல்ல வாய் உள்ளவள் அங்கே அவள் ஒருத்திதான். சொன்னால் கழுத்தைத் திருகினாலும் திருகுவார்கள். "போனா போகுது, என் உசுருதானே" என்று மணியைக் கவ்விக்கொண்டு பாய்ந்து, மன்னரின் தோளிலேயே போய் உட்கார்ந்தாள்.

"நான்தான் திருடினேன்!"

வாயைத் திறந்தால் மணி நிற்குமா? கல் தரையில் விழுந்து விரிசல் விட்டது. "ஜாக்!" என்று ஒரு கரகரத்த சத்தம்.

இது மணி அடித்ததில் சேருமா, சேராதா? எல்லாரும் சாமியையே பார்த்தார்கள். சாமி மோவாயைத் தடவினார். பிறகு தலையாட்டினார்.

"வாங்க மன்னா, வாங்க! ஆறடி என்ன, பதினாறடி எடுத்துக்குங்க!"

அவ்வளவுதான், பன்னிரண்டு பேரின் மூன்று நாள் பேச்சும் ஒரே நேரத்தில் கொட்டியது. நடுவில் மோராக் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மன்னர் கிரீடம் நழுவச் சிரித்தார். கடப்பாரைக்காரர்களைக் கீழே இறங்கச் சொன்னார்.

"சரி, இந்தத் திருடிக்கு என்ன தண்டனை, சாமி?"

"மணியை உடைச்சது அவ. இனி மணி வேலையை அவளே பார்க்கட்டும். மணி போட்ட அந்த ஒரு சத்தம்தான் இனிமே அவளுக்குப் பேச்சு." சாமி தன் முக்காட்டில் ஒரு துண்டைக் கிழித்து அவள் பிடரியில் போர்த்தினார். "பயப்படாதே, நீயும் எங்கள்ல ஒருத்திதான்."

"என் குஞ்சுங்க?" என்றாள் மோராக். அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு.

மன்னர் மை கொண்டுவரச் சொல்லி, பட்டயத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: கோபுரப் பொந்துகள், கோபுரம் நிற்கும்வரை, இவளுக்கும் இவள் வம்சத்துக்கும். நன்றி சொல்ல மோராக் வாயைத் திறந்தாள். "ஜாக்!" என்றுதான் வந்தது.

மன்னர் கடைசியில் அந்த ஆறடியிலேயே படுத்துக்கொண்டார். பிறகு ஏழு கிராமமும் கைமாறின, கூரை போயிற்று, துறவிகளும் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பட்டயத்தில் இன்னும் செல்லுபடியாவது கடைசி வரி மட்டும்தான். அன்று முதல்தான் ஜாக்டாக்கள் பிடரியில் சாம்பல் முக்காடு போட்டுக்கொண்டு, பாழடைந்த மடத்துக் கோபுரங்களை விட்டு நகராமல், கீழே யாருமே சாப்பிட உட்காராவிட்டாலும், நாள் முழுக்க "ஜாக், ஜாக்" என்று மணியடித்துக்கொண்டிருக்கின்றன.