கரையான் வைத்தியரும் தொட்டில் உத்தரமும்

ஒரு ஊர்ல, ஆத்தங்கரையில நாணல் பூத்துச்சுன்னா ஊரே வெள்ளையா மெதக்குற மாதிரி தெரியுமே, அப்படி ஒரு ஊர்ல, பூவாயின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு ஒரு பழக்கம். எந்த மரத்தைப் பாத்தாலும் விரலை மடக்கித் தட்டுவா, தட்டிட்டு காதை வெச்சுக் கேப்பா. தூணு, கதவு, ஏர், கோயில் தேர்ச்சக்கரம், எதையும் விடமாட்டா. நல்ல மரம்னா டொக்குனு சொல்லும், உள்ள பொக்கையா இருந்தா தொப்புனு சொல்லும். ஊர்ல அவளை அரைக்கிறுக்குன்னு சொன்னாங்க. அவ அதைக் காதுல போட்டுக்கல, அவ காதுக்குத்தான் வேற வேலை இருந்துச்சே.

அவளுக்கு ஆத்தா அப்பன் கிடையாது, ஒரே ஒரு தங்கச்சி. பேரு அரும்பு. பூவாயிதான் தூக்கி வளத்தா, வளத்து அக்கரையில கட்டிக் குடுத்தா. அந்த அரும்புக்கு ரெண்டு பிள்ளை வயித்துல தங்காமப் போச்சு. மூணாவது தங்கிருச்சு. ஏழாம் மாசம் வளையல் அடுக்கி அக்கா வீட்டுக்குக் கூட்டியாந்தாங்க. வந்தவ நடுவீட்டுல நின்னு மேல பாத்தா. அங்க ஒரு உத்தரம், வேங்கை மரத்து உத்தரம். அதுலதான் பூவாயிக்குத் தொட்டில் கட்டுனது, அதுலதான் அரும்புக்குத் தொட்டில் கட்டுனது.

"அக்கா, என் பிள்ளைக்கும் இதுலதான் தொட்டில் கட்டணும்"னா அரும்பு.

"அதுலதான் கட்டுவேன், வேற எதுல கட்டுவேன்"னா பூவாயி.

சொல்லிட்டாளே தவிர அவ கண்ணு மட்டும் தூணோரமாவே போச்சு. ஏன்னு கேளுங்க. அந்த உத்தரத்தைத் தாங்குற தூணு இருக்கே, அந்தத் தூணோரமா, சுவரு மூலையில, ஒரு புத்து கெளம்பியிருந்துச்சு. மொத வாரம் கைப்பிடி அளவு இருந்துச்சு, அடுத்த வாரம் முட்டி உயரம், அதுக்கடுத்த வாரம் இடுப்பு உயரம்.

அப்ப அந்தப் பக்கத்துல தேனப்பன்னு ஒரு கரையான் வைத்தியர் இருந்தாரு. எந்த வீட்டுல புத்து வந்தாலும் மறுநாளே வந்து நிப்பாரு. எப்படித் தெரியுமோ, வந்து நிப்பாரு. வந்து கன்னத்துல போட்டுக்கிட்டு, "அம்மன் வந்திருக்கா தாயி, இடிச்சுப்புடாத. வெள்ளிக்கு வெள்ளி மஞ்சத்தண்ணி ஊத்து, பாலு ஊத்து"ம்பாரு. ஒரு குடுவையில செவப்பா மருந்து குடுத்து மரத்துல பூசச் சொல்லுவாரு. கொஞ்ச நாள்ல கதவு கீழ அரிச்சுப்போகும். உடனே, "தோஷமுள்ள மரம், வீட்டுல வைக்கப்படாது. கழட்டிக் குடு, நானே ஆத்துல விட்டுர்றேன்"ம்பாரு. குடுத்தவங்களும் கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டு, பரம்பரைக் கதவைக் கழட்டிக் குடுத்துட்டு, கீத்துப் படலைச் சாத்திக்கிட்டுப் படுத்தாங்க. அடே, தூங்கிட்டியா? தூங்கலன்னா உம் கொட்டு.

பூவாயி வீட்டுக்கும் புத்து கெளம்புன மறுநாளே வந்திருந்தாரு. மருந்து குடுத்தாரு, தண்ணி ஊத்தச் சொன்னாரு, இவளும் ஊத்துனா. மூணு வெள்ளிக்கெழமை கழிச்சு வந்து உத்தரத்தை அண்ணாந்து பாத்தாரு. "இது பிள்ளையைக் கீழ போட்டுரும் தாயி. இறக்கிக் குடுத்துரு."

பூவாயி ஏணி போட்டு ஏறி உத்தரத்தைத் தட்டுனா. டொக். இறங்கித் தூணைத் தட்டுனா. மேல டொக், நடுவுல டொக், காலடியில மட்டும் தொப்.

"வைத்தியரே, ஒரு மாசம் பொறுங்க. எது இதைக் காப்பாத்தும்னு நான் கேட்டுப் பாத்துர்றேன்."

"யாருகிட்ட கேப்ப?"

"மரத்துகிட்டதான்."

தேனப்பன் சிரிச்சுக்கிட்டே போனாரு.

பூவாயி என்ன பண்ணுனா, ஒரு மாங்கட்டையை எடுத்து நாலு முளையா வெட்டுனா. சுண்ணாம்புக் காளவாய்க்காரி, "சுண்ணாம்புக்கு மிஞ்சி என்ன இருக்கு"ன்னா, சரின்னு ஒரு முளைக்குச் சுண்ணாம்பு அடிச்சா. செக்குக்காரரு, "வேப்பெண்ணெய் தடவு புள்ள"ன்னாரு, சரின்னு ஒரு முளைக்கு வேப்பெண்ணெய் தடவுனா. ஒரு முளைக்கு வைத்தியரோட செவப்பு மருந்து. நாலாவது முளைக்கு ஒண்ணுமே பூசல, சும்மா. நாலையும் புத்தோரமா வரிசையா அடிச்சு வெச்சுட்டு, தெனமும் குந்தி உக்காந்து காதை வெச்சா.

மொத வாரம், சும்மா இருந்த முளையில மொறுமொறுன்னு சத்தம். செவப்பு முளையிலயும் அதே மொறுமொறு. புடுங்கிப் பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி தொப்பு. மருந்து பூசுனதுக்கும் பூசாததுக்கும் நூலளவு வித்தியாசமில்ல. ரெண்டாவது வாரம் மழை பேஞ்சுச்சு, கூரை ஒழுகிச் சுண்ணாம்பு கரைஞ்சு ஓடுச்சு, அந்த முளையும் மொறுமொறுன்னு ஆச்சு. மூணாவது வாரம் வேப்பெண்ணெய் முளை மட்டும் நின்னுச்சு. ஆனா வாசனை போகப் போக அதோட நுனியையும் யாரோ நக்கிப் பாத்திருந்தாங்க. எல்லாத்துலயும் வேப்பெண்ணெய் ஒசத்தி, அது தெரிஞ்சுபோச்சு. ஆனா அதுவும் எத்தனை நாளைக்கு? பிள்ளை தொட்டில்ல கெடக்குற காலம் பூரா தாங்கணுமே. உள்ள அரும்பு சின்னத் துணியா மடிச்சு மடிச்சு அடுக்கிக்கிட்டிருந்தா. அதைப் பாக்கப் பாக்க பூவாயிக்கு அழுகையா வந்துச்சு.

அப்ப உச்சி வெயிலு. ஊரே அடங்கிக் கெடக்கு, நாணல்கூட அசையல. பூவாயி தூணுல காதை வெச்சபடியே கண்ணை மூடுனா. மூடுனவளுக்கு மண்ணுக்குள்ள மழை பேயுற மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தத்துக்குள்ளயே எறங்குனா, எறங்குனா, எறங்கிக்கிட்டே போனா. கீழ ஒரு மண்வீடு. ஜன்னல் இல்ல, விளக்கு இல்ல, ஆனா எல்லாம் தெரியுது. நடுவுல ஒரு தாய்க்கரையான், பாலு நெறத்துல, நகர முடியாத உடம்போட படுத்துக் கெடந்தா. அவளைச் சுத்தி ஆயிரம் பிள்ளைங்க அலையுதுங்க.

"ஏன் தாயி என் தூணைத் திங்கிற?"ன்னு கேட்டா பூவாயி.

"நானா வரல மகளே. ஒருத்தன் எங்களைப் பானையில அள்ளியாந்து உன் சுவரோரம் கொட்டுனான். காஞ்சு செத்திருப்போம். நீதான் வெள்ளிக்கு வெள்ளி தண்ணி ஊத்துன, பொழைச்சோம்."

பூவாயிக்கு அப்பத்தான் வெளங்குச்சு. கும்புட்டு ஊத்துன தண்ணியே குடியைக் கெடுத்துருச்சே.

"எத்தனை மருந்து பூசுனேன், எதுக்கும் அடங்கலையே."

"நீ மரத்துக்குப் பூசுற. நாங்க மரத்துலயா பொறந்தோம்? மண்ணுலேர்ந்துல்ல வர்றோம். வெளிச்சம் பட்டா எங்களுக்கு ஆகாது, அதனால மண்ணுல குழாய் கட்டி அதுக்குள்ளதான் நடப்போம். உன் தூணு மண்ணுக்குள்ள நிக்குது, நாங்க வர்றது உனக்குத் தெரியல. தூணைக் கல்லு மேல நிறுத்து. கல்லு மேல நாங்க வழி கட்டுனா உன் கண்ணுல படும், வெளக்கமாத்தால கலைச்சுரு. ஈரம் மட்டும் ஆகாது மகளே, ஈரம் இருந்தா நாங்க இருப்போம்."

"உன்னை நான் என்ன பண்ணட்டும்?"

"எனக்கும் ஆயிரம் பிள்ளைங்க. மிதிக்காம அள்ளிட்டுப் போ. கொண்டாந்தவன் வீட்டுலயே விட்டுரு."

"அவன் வீடு எனக்குத் தெரியாதே."

"ஆத்துக்கு அந்தாண்ட, நாணலுக்குள்ள. வீடு பூராவும் கதவா இருக்கும்."

கண்ணு முழிச்சா, கன்னத்துல தூணோட தடம்.

அன்னைக்கே அவளும் செக்குக்காரரும் காளவாய்க்காரியுமா உத்தரத்துக்கு முட்டுக் குடுத்தாங்க. தூணோட அரிச்ச காலை அறுத்து எடுத்தாங்க, அந்த இடத்துல ஒரு கருங்கல்லை வெச்சு அது மேல தூணை நிறுத்துனாங்க. கல்லைச் சுத்திச் சுண்ணாம்பைக் கொட்டுனாங்க, மரத்துக்கு மூணு கை வேப்பெண்ணெய் தடவுனாங்க. சுண்ணாம்பும் வேணும், எண்ணெயும் வேணும், காலுக்குக் கல்லும் வேணும். அப்புறம் பூவாயி புத்தைத் தாய்க்கரையானோட முழுசா ஒரு கூடையில ஏந்தி, மேல வேப்பிலை மூடி, பரிசல்ல ஏறுனா.

அக்கரை நாணலுக்குள்ள போய்ப் பாத்தா, ஆமா, ஒரு வீடு. சுவரெல்லாம் கதவு, கூரையெல்லாம் கதவு. தாமரை செதுக்குன கதவு, கிளி செதுக்குன கதவு, மஞ்சப் பூசுன கதவு. எல்லாம் அவ ஊருக் கதவு. வைத்தியர் வெளியூரு போயிருந்தாரு, இன்னும் எத்தனை சுவரோரம் பானையைக் கொட்டவோ. பூவாயி புத்தை மூலையில பதனமா எறக்கி வெச்சா, ஒரு கும்புடு போட்டா, வந்துட்டா.

ஊருக்குள்ள வந்து ஒரு பேச்சுத்தான் சொன்னா. "என் வீட்டு மூலையில இருந்த புத்து இப்ப வைத்தியர் வீட்டு மூலையில இருக்கு."

பொய்யா? இல்லையே. ஆனா ஊரு என்ன நெனைச்சுச்சு? அம்மன் வைத்தியரைத் தேடிப் போயிட்டான்னு நெனைச்சுச்சு. வெள்ளிக்கெழமை கொடம் கொடமா மஞ்சத்தண்ணி, சொம்பு சொம்பாப் பாலு, கொலவை போட்டுக்கிட்டு, பூவாயி வழி காட்ட, ஊரே பரிசல் ஏறிருச்சு. தேனப்பன் வாசல்ல நின்னு முழிபிதுங்கப் பாத்தாரு.

"ஐயோ, இங்க ஊத்தாதீங்க."

"நீங்கதானே ஊத்தச் சொன்னீங்க வைத்தியரே."

"நான் இதை இடிச்சுர்றேன்."

"இடிக்கப்படாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

மொத வெள்ளி ஊத்துனாங்க, கூரைக் கதவு ஒண்ணு எறங்குச்சு. ரெண்டாவது வெள்ளி ஊத்துனாங்க, பின்சுவரு சாஞ்சுச்சு. மூணாவது வெள்ளி கொடத்தைச் சாய்க்கப் போகையில தேனப்பன் ஓடியாந்து குறுக்க விழுந்தாரு. "அது அம்மன் இல்ல, கரையான். உங்க வீட்டுலயெல்லாம் நான்தான் கொண்டாந்து கொட்டுனேன். கதவுக்கு ஆசைப்பட்டுட்டேன்."

அப்பத்தான் சனம் கொடத்தை எறக்கிட்டு நிமிர்ந்து பாத்துச்சு. "இது எங்க வீட்டுக் கிளிக்கதவுல்ல"ன்னா ஒருத்தி. "இது எங்க ஆத்தா மஞ்சப் பூசுன கதவுல்ல"ன்னா இன்னொருத்தி. ஒருத்தரும் அவரை அடிக்கல. கதவைக் கழட்டுனாங்க, அவ்வளவுதான். கதவெல்லாம் போனதும் வீடே இல்ல, நடுவுல தேனப்பன் மட்டும் நின்னாரு.

ஆத்துல விடுறேன்னு சொன்னாருல்ல, அந்தக் கதவுங்க அன்னைக்கு நெசமாவே ஆத்துல போச்சு. ஒவ்வொரு கதவு மேலயும் அந்தந்த வீட்டுக்காரங்க உக்காந்து கையால தண்ணியைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. நாணல்பூ உதிந்து அவங்க தலையெல்லாம் வெள்ளையா இருந்துச்சு. பாக்க அத்தனை அழகா இருந்துச்சு. தேனப்பன் பின்னாடியே நீந்தி வந்தாரு. ஊரு அவருக்கு ஒரு வேலை குடுத்துச்சு. ஒவ்வொரு வீட்டுத் தூணு காலுக்கும் ஒரு கருங்கல்லு, எல்லாத்தையும் அவருதான் மலையடியிலேர்ந்து தலையில சொமக்கணும். ஏரிக்கரை வேம்படியில அம்மனோட நெசப் புத்து இருக்கே, அதுக்கு மட்டும் இப்பவும் பாலு ஊத்துறாங்க, அங்க எந்தக் கதவும் கிடையாது.

அரும்புக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு, தங்குச்சு. பதினாறாம் நாளு, பூவாயி தன் பழைய சேலையை உத்தரத்துல போட்டுத் தொட்டில் கட்டுனா. கட்டிட்டுப் பிள்ளையைப் போடல. மொதல்ல ஒரு கருங்கல்லைப் போட்டு ஆட்டிப் பாத்தா. உத்தரம் அசையல. அப்புறம் பிள்ளையைப் போட்டா. தூணுல காதை வெச்சா, மொறுமொறு இல்ல, மழை இல்ல. மெதுவா ஒண்ணு கேட்டுச்சு. என்னன்னு பாத்தா, தூங்குற பிள்ளையோட மூச்சு உத்தரத்துல ஏறி, தூணுல எறங்கி, அவ காதுக்கு வருது. பூவாயி அழுதா, அரும்பும் அழுதா, பிள்ளை மட்டும் தூங்குச்சு.

தூணு கல்லு மேல, தொட்டில் உத்தரத்து மேல, பிள்ளை தொட்டில் மேல, கதை உங்க கண்ணு மேல. மூடிக்கோங்க.