கம்பியில்லாமல் வந்த வேட்டி

கையடக்கக் கம்ப்யூட்டர்கள் புதிதாக வந்த காலம். குமாரபாளையத்தில் விசைத்தறிக் கூடம் வைத்திருந்த நல்லசிவம் இரண்டு வாங்கிவிட்டார். கம்பியில்லாமலே செய்தி போகுமாம். போனது, ஆனால் ஆபீஸ் வாசற்படியோடு நின்றுபோனது.

"நாளைக்கு மதுரை வியாபாரி வர்றாரு. நான் இங்க எழுதுனா முற்றந்தாண்டித் தறிக்கூடத்துல தெரியோணும். இல்லீன்னா உனக்கு வேலை கிடையாது" என்றார் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் தவமணியிடம்.

"தெரியுமுங்க. நீங்க எப்பவும் போல எழுதுங்க, அது போதும்" என்றாள் அவள்.

மறுநாள் வியாபாரியைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலாளி குச்சியால் திரையில் எழுத ஆரம்பித்தார். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை அவருக்கு. எதை எழுதினாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுவார்.

"பச்சைக்... கரை... வேட்டி... ரெண்டு... கொண்டா!"

கூரைமேலிருந்த புறாக்கள் பறந்தன. சற்று நேரத்தில் தவமணி தறிக்கூடத்திலிருந்து இரண்டு பச்சைக் கரை வேட்டியோடு வந்து நின்றாள்.

"பாத்தீங்களா, கம்பியே இல்ல!" என்று மீசையைத் தடவினார் முதலாளி.

வியாபாரி அவளிடமிருந்த கம்ப்யூட்டரை வாங்கிப் பார்த்தார். திரை இருட்டாக இருந்தது. "இதை ஆன் பண்ணவே இல்லையேம்மா?"

"எதுக்குங்க வீணா பேட்டரி? முதலாளி ஆன்ல இருந்தாப் போதும், ஆத்துக்கு அந்தப் பக்கம் பவானி வரைக்கும் எடுக்கும்."

முதலாளி வாயைத் திறப்பதற்குள் அடுத்த தெருத் தறிக்காரர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். அவர் கையிலும் பச்சைக் கரை வேட்டி.

"ரெண்டு போதுங்களாண்ணா?"